எக்ஸ்ரேயைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்க்கவில்லை

மூட்டுவலி என்று போனதுமே "தேய்மானம்" என்று எழுதி அனுப்பிவிடுபவர்களிடம் கவனமாக இருங்கள். என் அம்மாவுக்கு அதில் எட்டு மாதம் வீணாகிவிட்டது.

முழங்கால் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது உண்மைதான். 58 வயதில் பலருக்கும் தெரியும். ஆனால் அம்மா போனது கைவிரல் வலிக்காக. காலையில் குழாயைத் திருக முடியாது. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். விரல்கள் மடங்கவே பத்து மணி ஆகிவிடும். இதைச் சொன்னபோது அந்த மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வயசாச்சு இல்லையா" என்று வலி மாத்திரை எழுதினார். அப்புறம் போன போதெல்லாம் அதே சீட்டுதான். வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

கடைசியில் வாதநோய் நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் செய்தது, அம்மாவின் இரு கைகளையும் பிடித்து விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்ததுதான். இரண்டு பக்கமும் ஒரே இடங்களில் வீக்கம். தேய்மானத்தில் காலையில் எழுந்ததும் வரும் மூட்டு இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்ஏ) இறுக்கம் மணிக்கணக்கில் நிற்கும், ஓய்வெடுத்தாலும் தீராது. ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, இஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் எடுத்தபின் முடக்குவாதம் என்று உறுதியானது. (ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்றாலும் இந்த நோய் இருக்கலாம். அதை மட்டும் வைத்து யாராவது இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள்.)

தேய்மானத்துக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் வலி மருந்து என்று போகும். முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. வலி மாத்திரை வலியை மறைக்கும், மூட்டு அரிக்கப்படுவதை நிறுத்தாது. அதை நிறுத்தக்கூடிய மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். அம்மாவுக்கு அதற்குள் இரண்டு விரல்கள் கோணிவிட்டன. அவை இனி நேராகாது.

இன்னொன்றும் நடந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் போட வேண்டும். மருந்துக்கடையில் உறைமேல் "தினமும் 1" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. "டாக்டர் திங்கட்கிழமை மட்டும்னுதானே சொன்னார்?" என்று அம்மா கேட்டதால் தப்பினோம். இப்போது அட்டையின் மேலேயே பெரிதாகத் "திங்கள்" என்று எழுதி, அதனுடன் சேர்த்துக் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.