மதுரை வீரனா, திருவிளையாடலா?

மதுரையில் பழைய திரைப்படங்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், சற்று நேரத்தில் நீங்கள் எம்.ஜி.ஆர். பக்கமா, சிவாஜி பக்கமா என்ற கேள்வியில் வந்து நிற்கும். ஆளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்த இருவரையும் மொத்தமாக ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது ஆகாத காரியம் என்பதால், நான் இந்தக் கேள்வியை இரண்டே படங்களாகச் சுருக்கிக்கொள்கிறேன். ஒன்று, 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, சித்திரைத் திருநாளில் வெளியான ‘மதுரை வீரன்’. மற்றொன்று, 1965-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று வெளியான ‘திருவிளையாடல்’. இரண்டும் இந்த ஊரின் கதைகள். மதுரை வீரனுக்கு மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்தருகே இன்றும் சன்னிதி இருக்கிறது. சொக்கநாதரின் திருவிளையாடல்களோ ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் நாளுக்கு ஒரு லீலையாக நடத்தப்படுகின்றன. முதல் படம் அழகர் ஆற்றில் இறங்கும் மாதத்திலும், இரண்டாவது படம் ஆவணி மூலத்துக்குச் சில வாரங்கள் முன்பும் திரைக்கு வந்தன என்பதால், இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் உரிமை மதுரைக்காரர்களுக்குக் கூடுதலாகவே உண்டு என்று நினைக்கிறேன்.

எம்.ஜி.ஆர். கடைசியாக நடித்து 1978-இல் வந்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ படத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தப் படம் அவர் முதலமைச்சரான பின் வெளிவந்தது என்பதற்காகவே நினைக்கப்படுகிறது. படமாக இவ்விரண்டுக்கும் இணையாக நிற்காது என்பது என் கருத்து.

நடிகர்கள் இருவரும் மதுரையில் பிறந்தவர்கள் அல்லர் என்றாலும், இருவரும் சிறுவர்களாக நடிப்புக் கற்ற நாடகக் குழுக்கள் மதுரையின் பெயரைத் தாங்கியவை. எம்.ஜி.ஆர். சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி; சிவாஜி சேர்ந்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபா. பாய்ஸ் கம்பெனிப் பயிற்சியின் வாசனையை இரு படங்களிலும் உணரலாம். நீண்ட வசனத்தை மூச்சு வாங்காமல் பேசுவதும், பாட்டு வரும் இடத்துக்குக் கதையை நிதானமாக நகர்த்திச் செல்வதும், அரசவைக் காட்சியில் உடலை நிமிர்த்தி நிற்பதும் அங்கே கற்றவை.

முதலில் மதுரை வீரன். லேனா செட்டியார் தயாரித்து, டி. யோகானந்த் இயக்கி, கண்ணதாசன் வசனம் எழுதிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளியான மூன்றே மாதத்தில் வந்தது. அதிலும் இதிலும் எம்.ஜி.ஆருக்கு இணை பானுமதிதான். வண்ணத்தைப் பார்த்து வியந்த கண்களுக்கு உடனடியாக ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்து, அதையும் மாபெரும் வெற்றியாக்கியது கதையின் வலிமைதான். மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்ட குழந்தை, செருப்புத் தைக்கும் தம்பதியிடம் வளர்கிறது. பொம்மியைக் காதலித்து மணக்கிறது. திருமலை நாயக்கரின் மதுரைக்கு வந்து கள்வரை அடக்குகிறது. கடைசியில் சூழ்ச்சியில் சிக்கி, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு உயிர்விடுகிறது. இந்தக் கடைசிப் பகுதிக்காகவே நான் இந்தப் படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். எம்.ஜி.ஆர். படத்தில் அவர் இறக்கக் கூடாது என்பது பின்னாளில் எழுதப்படாத சட்டமாயிற்று. 1962-இல் வந்த ‘பாசம்’ படத்தில் அவர் இறந்ததை அவருடைய ரசிகர்களால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் மதுரை வீரனில் அவர் இறந்தார், மக்களும் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். கொல்லப்பட்டவனைத் தெய்வமாக்கி வழிபடும் மரபு இந்த மண்ணில் ஊறியது என்பதால், அந்தச் சாவை ரசிகர்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே நான் காணும் காரணம். கிராமத்துக் காவல் தெய்வங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இப்படி ஒரு கதைதான் இருக்கும்.

எம்.ஜி.ஆரின் வாள் வீச்சையும் சிரிப்பையும் வேறு எத்தனையோ படங்களில் பார்க்கலாம். தன்னிடம் குற்றமில்லை என்று தெரிந்தும், எந்த வாளாலும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் நிற்கும் எம்.ஜி.ஆரை இந்தப் படத்தில்தான் முழுமையாகப் பார்க்க முடிகிறது. வெல்லும் எம்.ஜி.ஆரை விடத் தோற்கும் எம்.ஜி.ஆரே சிறந்த நடிகர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தோற்கும் இடத்தில் அவர் குரலைத் தணிக்கிறார், கைகளின் அசைவைக் குறைக்கிறார், எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கிறார். அந்தக் கேட்கும் முகத்தை அவர் பிற்காலத்தில் அடிக்கடி நமக்குக் காட்டவில்லையே என்பது என் நெடுநாள் ஏக்கம்.

பானுமதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைக் கடக்க இயலாது. பொம்மி என்றால் காதலனைப் பார்த்து நாணி நிற்கும் பெண் என்ற எதிர்பார்ப்பை அவர் முதல் காட்சிகளிலேயே உடைத்துவிடுகிறார். காதலிப்பது என் முடிவு, அதன் விளைவையும் நானே தாங்குவேன் என்ற திடம் அவருடைய ஒவ்வொரு பார்வையிலும் இருக்கிறது. வெள்ளையம்மாளாக வரும் பத்மினிக்கு நடனம் இருக்கிறது. எம்.எல். வசந்தகுமாரி பாடிய ‘ஆடல் காணீரோ’ என்ற பாட்டுக்கு அவர் ஆடும்போது, பாட்டின் பொருளாக அமைந்திருப்பது சொக்கநாதரின் திருவிளையாடல்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் போட்டிப் படத்தின் கருப்பொருளை இந்தப் படம் ஒரே பாட்டில் பாடி முடித்துவிட்டது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். வளர்ப்புப் பெற்றோராக வரும் என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் இணை, எளிய மனிதரின் கண்ணியத்தைச் சிரிப்போடு சேர்த்தே தருகிறது. கலைவாணர் மறைந்தது அடுத்த ஆண்டிலேயே என்று அறிந்து பார்க்கும்போது அந்தக் காட்சிகள் இன்னும் அருமையாகின்றன.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. வீரன் காசி அரசனின் மகன் என்பது கதைப்பாடலிலேயே உள்ள செய்தி. அவன் அருந்ததியர் குலத்திலேயே பிறந்தவன் என்று கொள்ளும் மரபும் வலுவாக இருக்கிறது. படம் அரச பிறப்பைத் தேர்ந்துகொண்டது. அதனால், உழைக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன் பாளையக்காரர் மகளை மணந்தான் என்ற செய்தியின் கூர்மை மழுங்கிவிடுகிறது. பொம்மியாகப் பானுமதி காட்டும் துணிவுக்கு, மறைந்திருக்கும் அரச ரத்தம் என்ற சமாதானம் தேவைப்பட்டிருக்கவே கூடாது.

திருவிளையாடலுக்கு வருவோம். ஏ.பி. நாகராஜன் எழுதி, தயாரித்து, இயக்கி, நக்கீரராக நடிக்கவும் செய்த வண்ணப் படம் இது. மாங்கனி கிடைக்காத கோபத்தில் பழனிக்குச் சென்றுவிட்ட முருகனிடம் பார்வதி சொல்லும் நான்கு கதைகளாகப் படம் விரிகிறது. இந்த நான்கில் மதுரையில் நடப்பவை இரண்டுதான்: தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதையும், பாண்டியன் அவைப் பாடகர் பாணபத்திரருக்காக இறைவன் விறகு விற்ற கதையும். தட்சன் வேள்வி மதுரைத் திருவிளையாடலே அன்று. வலை வீசிய கதை கடற்கரைக்குரியது. மதுரைக்குரிய இரண்டும்தான் படத்தின் உயிர் என்பதும், மற்ற இரண்டும் அவற்றுக்கு ஈடாக மாட்டா என்பதும் என் ஊர்ப்பற்றினால் மட்டும் சொல்வதல்ல. தட்சன் வேள்வியில் சிவாஜி முழங்குகிறார். மீனவராக வரும்போது அந்தப் புகழ்பெற்ற நடையை நடக்கிறார். இரண்டிலும் திரை முழுவதும் அவரே நிறைந்திருக்கிறார். மதுரைக் கதைகளில் அவர் செய்வது வேறு. அங்கே அவர் இடம் விட்டு நிற்கிறார்.

தருமி காட்சியை நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்பவர் நாகேஷ், பதில் சொல்பவர் சிவாஜி. ‘சேர்ந்தே இருப்பது?’ என்ற கேள்விக்கு ‘வறுமையும் புலமையும்’ என்ற பதில் வரும்போது, சிவாஜி அதைக் கம்பீரமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பதிலின் வலியை உடலால் நடித்துக் காட்டும் வேலை நாகேஷுடையதாகிவிடுகிறது. நாகேஷின் காட்சிகளில் எதையும் வெட்ட வேண்டாம் என்று சிவாஜியே சொன்னார் என்பது திரையுலகில் பலமுறை பேசப்பட்ட செய்தி. படத்தைப் பார்த்தாலே அதை நம்பத் தோன்றும். நடிகர் திலகம் என்று பெயர் பெற்றவர் எதிரில் நிற்பவரின் தாளத்துக்கு ஏற்பத் தன்னை அடக்கிக்கொள்வது, தனி மேடையில் வசனம் பொழிவதைவிடக் கடினமான கலை.

அதே காட்சி சங்க மண்டபத்துக்கு நகர்ந்து, நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே என்று நக்கீரர் உறுதியாக நிற்கும் இடத்தை 1965-ஆம் ஆண்டு மதுரை எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டம் பெரும் மோதலாக வெடித்தது இந்த ஊரில்தான். ஆறே மாதம் கழித்து, தமிழில் பொருட்குற்றம் இருந்தால் ஆண்டவனே வந்தாலும் ஒப்பமாட்டேன் என்று ஒரு புலவர் திரையில் சொல்கிறார். பக்திப் படத்துக்கு வந்தவர்களும் தமிழுக்காக வந்தவர்களும் ஒரே இருக்கை வரிசையில் அமர்ந்து கைதட்டியிருக்க முடியும். சண்டையிட்டது குறுந்தொகையின் ஒரு பாட்டுக்காக. அதுவே இந்த ஊருக்குப் பெருமை.

விறகு விற்ற கதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஏமநாத பாகவதராக வரும் டி.எஸ். பாலையா, பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் ‘ஒரு நாள் போதுமா’ என்று அரசவையில் ராகங்களை மாற்றி மாற்றிப் பாடிச் சவால் விடுகிறார். அதற்கு விடையாக, இரவில் திண்ணையில் அமர்ந்த விறகுவெட்டி கௌரிமனோகரியில் ‘பாட்டும் நானே’ என்று தொடங்குகிறார். பாடும் சிவாஜியே வீணையும் குழலும் மிருதங்கமுமாகப் பெருகும் அந்தக் காட்சியில் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். நான் பாலையாவின் முகத்தைப் பார்ப்பேன். முதலில் எரிச்சல், பிறகு சந்தேகம், பிறகு வியப்பு, அதன்பின் தன் வித்தையின் அளவு தனக்கே புலப்படும் திகைப்பு. இவனே பாணபத்திரன் தகுதியில்லை என்று தள்ளிய சீடன் என்றால் அந்தப் பாணபத்திரன் எப்படிப் பாடுவான் என்று ஊரைவிட்டு ஓடும் அந்த மனிதரிடம் வெறுப்பு வருவதற்குப் பதில் இரக்கம் வந்துவிடுகிறது. மதுரை வீரனிலும் பாலையா இருக்கிறார். அங்கே நரசப்பனாகச் சூழ்ச்சி செய்கிறார். நல்ல வில்லன்தான், ஆனால் அங்கே அவருக்குக் கேட்கும் காட்சி கிடைக்கவில்லை.

இசையில் இரு படங்களையும் பிரிப்பது எளிதல்ல. முன்னதில் ஜி. ராமநாதன், பின்னதில் கே.வி. மகாதேவன், பாட்டெழுதிய கண்ணதாசன் இரண்டிலும் உண்டு. மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன், முன்னதில் எம்.ஜி.ஆருக்காக ஜிக்கியோடு ‘நாடகமெல்லாம் கண்டேன்’ என்று குழைந்து பாடினார். பின்னதில் சிவாஜிக்காக ஆலாபனையில் நிமிர்ந்தார். ஆனால் திருவிளையாடலில் இன்னொரு உள்ளூர்க் குரலும் இருக்கிறது. பாணபத்திரராக நடித்துப் பாடிய டி.ஆர். மகாலிங்கம் சோழவந்தான் அருகே தென்கரையைச் சேர்ந்தவர். ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’ என்று அவர் சொக்கநாதரிடம் உரிமையோடு முறையிடும்போது, வைகைக் கரையில் பிறந்த ஒருவர் தம் ஊர்த் தெய்வத்திடம் பேசும் உண்மை அந்தக் குரலில் ஒலிக்கிறது.

காதால் மட்டும் கேட்டுப் பார்த்தால் போட்டியே இல்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கோவில் கொடைகளிலும் காதுகுத்து வீடுகளிலும் ரேடியோ செட்டுக்காரர்கள் திருவிளையாடல் கதை வசனத்தைப் புனல் குழாயில் போட, படத்தை ஒருமுறையும் பார்க்காதவர்கள்கூடத் தருமியின் புலம்பலை ஒப்பித்தார்கள். மதுரை வீரனின் உச்சக்கட்டம் அப்படி ஒலியில் மட்டும் நிற்காது. அதற்கு முகங்கள் வேண்டும்.

திருவிளையாடலிடம் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல், புட்டுக்கு மண் சுமந்த கதையை விட்டுவிட்டார்களே என்பது. வந்திக் கிழவியின் கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைத் தின்று, வேலை செய்யாமல் உறங்கி, பாண்டியனிடம் பிரம்படி பட்ட இறைவனாகச் சிவாஜி நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்ற இடத்தை அவரைத் தவிர வேறு யாரால் செய்திருக்க முடியும்? தட்சன் வேள்வியை எடுத்துவிட்டு இதை வைத்திருந்தால் படம் முழுமையாக மதுரையின் படமாகியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு என் தேர்வு திருவிளையாடல்தான். ஒரு நட்சத்திரம் தன் ஒளியைக் குறைத்துக்கொண்டு நாகேஷுக்கும் பாலையாவுக்கும் மகாலிங்கத்துக்கும் வழிவிட்ட படம் என்பதால் அதைத் தேர்கிறேன். ஆகவே இதைச் சிவாஜி ரசிகரின் வாக்கு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். எம்.ஜி.ஆரின் படங்களில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், வென்று முடியும் வேறு எந்தப் படத்தையும் சொல்லாமல் மதுரை வீரனையே சொல்வேன். வெளியூர் விருந்தினர் ஒருவருக்கு இரண்டையும் காட்ட நேர்ந்தால் மதுரை வீரனை முதல் நாளும், திருவிளையாடலை மறுநாளும் வைக்க வேண்டும். வரிசை மாறினால், பாலையாவின் திகைத்த முகத்தில் மனம் இளகிப்போனவர் நரசப்பனை வெறுக்க மிகவும் சிரமப்படுவார்.