விக்கிமீடியாவின் பன்மொழி வசதிகள்: தொடர் பயன்பாட்டில் கண்டவை

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவதோடு, எல்லா மொழியினருக்கும் பொதுவான விக்கிமீடியா திட்டங்களான விக்கித்தரவு (தரவுத்தளம்), பொதுவகம் (படங்கள் முதலிய கோப்புகளின் களஞ்சியம்), மேல்-விக்கி (திட்டங்களை ஒருங்கிணைக்கும் தளம்) ஆகியவற்றிலும் பல ஆண்டுகளாகப் பங்களித்து வருகிறேன். அங்குள்ள மொழி வசதிகளுள் எவை உண்மையாகவே கைகொடுக்கின்றன, எவை பாதி வழியில் நிற்கின்றன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2012-இல் விக்கித்தரவு தொடங்கப்படுவதற்கு முன்பு, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் பிறமொழி இணைப்புகளை வரிவரியாக எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. தானியங்கிகள் அவற்றை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டு சென்றன. ஓரிடத்தில் தவறான இணைப்பு நுழைந்துவிட்டால் அதையும் சேர்த்தே பரப்பின. 2013-இல் இணைப்புகள் விக்கித்தரவுக்கு மாறிய பிறகு, ஓரிடத்தில் திருத்தினால் எல்லா மொழிகளிலும் திருந்திவிடுகிறது. ஒரு பொருளை ஒரு மொழி ஒரே கட்டுரையாகவும் இன்னொரு மொழி இரண்டு கட்டுரைகளாகவும் எழுதும்போது எழும் சிக்கல் மட்டும் முழுமையாகத் தீரவில்லை. போனி, கிளைட் என்ற அமெரிக்கக் கொள்ளையர் இணையின் பெயரால் விக்கித்தரவுப் பயனர்கள் அதைப் போனி-கிளைட் சிக்கல் என்றே குறிப்பிடுகிறார்கள்.

இதே முறை பொதுவகத்தில் இன்னும் அழகாகப் பலன் தருகிறது. ஒரு பனைமரத்தின் படத்தைப் பதிவேற்றி, அதில் இருப்பது பனை என்று விக்கித்தரவு உருப்படியோடு (ஒரு பொருளுக்கான பதிவோடு) இணைத்துவிட்டால், தமிழ் இடைமுகத்தில் பார்ப்பவருக்குப் பனை என்றும், வேறு மொழியில் பார்ப்பவருக்கு அம்மொழிப் பெயராலும் அது தெரிகிறது. அவரவர் மொழியில் எவரேனும் பெயர் சேர்த்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் பொதுவகத்தில் படங்களை வகைப்படுத்தும் பகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஆங்கிலம் அறியாத ஒருவர் தாம் எடுத்த கோயில் படத்தைச் சரியான பகுப்பில் சேர்ப்பதற்கு இன்றும் பிறர் துணையை நாட வேண்டியிருக்கிறது. பதிவேற்றுவதை எளிதாக்கிவிட்டு ஒழுங்குபடுத்துவதை மட்டும் ஒரு மொழிக்குள் வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

நான் மிகுதியாகப் பயன்படுத்துவது, அறிவிப்புகளையும் கொள்கைப் பக்கங்களையும் மொழிபெயர்க்க உதவும் Translate என்ற நீட்சி; விக்கிகளை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளோடு இணையும் கூடுதல் கருவி அது. அது மூலப் பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்காணிக்கிறது. மூலத்தில் ஒரு பத்தி மாறினால், அதன் தமிழாக்கம் மட்டும் காலாவதியானதாகக் குறிக்கப்பட்டு இளஞ்சிவப்புப் பின்னணியில் தெரியும். மற்றவை அப்படியே இருக்கும். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதற்காக எல்லா மொழியினரும் மீண்டும் உழைக்க வேண்டாம் எனில், மொழிபெயர்ப்பு நிருவாகி அந்தப் பத்தியைப் பழையதாகக் குறிக்காமல் விடவும் வழியுண்டு. நீண்ட பக்கங்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பெரும் நிம்மதி. குறை என்னவெனில், துண்டுகளின் எல்லையை மொழிபெயர்ப்பாளர் மாற்ற முடியாது. பட்டியலுக்கு முன்னுரையாக வரும் பாதி வாக்கியம் ஒரு துண்டாகவும் பட்டியல் உருப்படிகள் வேறு துண்டுகளாகவும் வந்தால், வினையைக் கடைசியில் வைக்கும் தமிழில் அந்த வாக்கியம் முறிந்தே நிற்கும். மூலத்தை எழுதுவோர் முழு வாக்கியங்களாகவே எழுதினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

உரையாடல்தான் இன்னும் கடினமாக இருக்கிறது. பொதுத் திட்டங்களின் பேச்சுப் பக்கங்களில் எந்த மொழியிலும் எழுதலாம் என்று வரவேற்பு இருந்தாலும், நடைமுறையில் ஆங்கிலத்தில் எழுதுபவரே விரைவாகப் பதில் பெறுகிறார். கணினி மொழிபெயர்ப்பு பொருளை ஓரளவு கடத்துகிறது. மறுப்பில் உள்ள பணிவையும் கேள்வியில் உள்ள ஐயத்தையும் அதனிடம் நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு கலந்துரையாடலின் சுருக்கத்தைத் தமிழில் இட்டு, வரும் கருத்துகளைத் திரும்ப அங்கே கொண்டு சேர்க்கும் தன்னார்வலர்களால்தான் இந்த இடைவெளி குறைகிறது. கருத்துக் கேட்கும் காலத்தை மொழிபெயர்ப்பு வெளியான நாளிலிருந்து கணக்கிட்டால் அவர்களின் உழைப்புக்கு உரிய பயன் கிடைக்கும்.

புதியவர்கள் முதலில் தங்கள் பயனர் பக்கத்தில் அறிந்த மொழிகளையும் அவற்றில் உள்ள தேர்ச்சியையும் குறிக்கும் பேபல் பெட்டியை இட வேண்டும். விக்கித்தரவு அதைப் படித்து, ஓர் உருப்படியைத் திறந்தவுடனேயே அந்த மொழிகளுக்கான பெயர், விளக்கக் கட்டங்களை முன்னால் காட்டும். உங்களுக்கு எந்த மொழியில் எழுத வேண்டும் என்பதையும் பிறர் அதைப் பார்த்தே அறிந்துகொள்வார்கள்.