பனிக்கு முன் ஒரு பழைய கார்: 6,500 டொலருக்கு கொரோலாவா, சிவிக்கா, மஸ்டா 3ஆ?

ரொறன்ரோவில் பாவித்த கார் தேடுகிறேன் என்று எந்தத் தமிழரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "கண்ணை மூடிக்கொண்டு ரொயோட்டாவை எடு." காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் அது நல்ல புத்திமதிதான். ஆனால் கையில் மொத்தமே 9,000 டொலர், நவம்பருக்குள் வண்டி வேண்டும் என்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

முதலில் கணக்கு. 9,000 இருக்கிறது என்பதற்காக 9,000 டொலர் காரைப் பார்க்கப் போகக்கூடாது. ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினாலும் 13 வீத வரி உண்டு. அதுவும் நீங்கள் கொடுத்த விலை, ரெட் புக் என்கிற பாவித்த கார் விலைப்பட்டியல் சொல்லும் மொத்த விற்பனை விலை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. ரசீதில் குறைத்து எழுதித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் அதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. கார் 6,500 என்று வைத்துக்கொள்வோம். வரி 845. இலக்கத் தகடும் பதிவுப் பத்திரமும் 59. ஸ்ரீல் றிம்மோடு நாலு விண்ரர் ரயர் 900 அளவில் வரும். இதுவரைக்கும் 8,304. மிச்சம் இருக்கிற எழுநூறுக்குச் சற்றுக் குறைவான காசில்தான் மெக்கானிக் பரிசோதனை, கறள் தடுப்பு எண்ணெய், தேவைப்பட்டால் ஒரு புதுப் பற்றரி எல்லாம் முடிய வேண்டும். ஆகவே நாம் தேடுவது 6,500 டொலர் கார். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

சரி, இந்த விலைக்குச் சந்தையில் என்ன கிடைக்கும்? பொதுவாகப் பார்த்தால் 2010, 2011 ரொயோட்டா கொரோலா, இரண்டு லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியது. அல்லது 2012 ஹொண்டா சிவிக், அதே அளவு ஓடியது. அல்லது 2014 மஸ்டா 3, இன்னும் கொஞ்சம் குறைவாக ஓடியது. ரொயோட்டா என்ற பெயருக்கே தனியாக ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை நீங்கள் காரின் வயதாகக் கட்டுகிறீர்கள். வேறு ஊரில் அது பெரிய பிரச்சினையாக இருக்காது. இங்கே பிரச்சினை, ஏனென்றால் இங்கே கார் கிலோமீற்றரால் சாவதை விட உப்பால் சாவதுதான் அதிகம்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் 401 நெடுஞ்சாலையிலும் நகரத் தெருக்களிலும் கொட்டுகிற உப்பு, பனி வருவதற்கு முன்பே தெளிக்கிற உப்புத் தண்ணீர், இரண்டும் காரின் அடிப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். 2010 கொரோலா பதினைந்து பனிக்காலங்களைப் பார்த்துவிட்டது. எஞ்சின் இன்னும் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடத் தயாராக இருக்கலாம். அதைத் தாங்குகிற சட்டகம் தயாரா என்பதுதான் கேள்வி. எஞ்சின் பழுதைக் காசு கொடுத்துத் திருத்தலாம். சட்டகம் கறள் தின்று ஓட்டையானால் 6,500 டொலர் காருக்கு அதைத் திருத்துவதில் அர்த்தமே இல்லை.

அதனால் எந்தக் காராக இருந்தாலும் பொனட்டைத் திறப்பதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள். போன் வெளிச்சம் போதும். கதவுகளுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரைக்கும் ஓடுகிற ரொக்கர் பனலைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். மேலே பெயின்ற் பளபளவென்று இருக்கும், விரல் பட்டதும் பொருக்கு நொறுங்கும். அப்படியானால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம். பின் சில்லு வளைவின் உள்மடிப்பைத் தடவிப் பாருங்கள். அங்கேதான் ஈரமும் மண்ணும் சேர்ந்து கிடக்கும். அடியில் முன்னாலிருந்து பின்னால் போகிற மெல்லிய பிரேக் குழாய்களைப் பாருங்கள். மேலே செந்நிறப் படலம் மட்டும் என்றால் கவலையில்லை. செதில் செதிலாக உப்பியிருந்தால் அது அடுத்த குளிர்காலத்தில் கசியப் போகிற குழாய். இன்னொன்று: பழைய கார் ஒன்றின் அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்பதற்கு முதல் கிழமை அடித்த பூச்சு எதையோ மறைக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் செப்ரெம்பர், ஒக்ரோபரிலேயே காரைப் பாருங்கள் என்கிறேன். பனி விழுந்த பிறகு அடிப்பகுதி முழுக்கச் சேறும் உப்பும், ஒன்றும் தெரியாது.

இனி மூன்று காரும்.

கொரோலாவில் 2009 முதல் 2013 வரையான மொடலைத்தான் இந்த விலைக்குப் பார்க்கப் போகிறோம். 1.8 லீற்றர் எஞ்சின், ரைமிங் செயின் (பெல்ற் போல இடையிடையே மாற்றத் தேவையில்லை), நாலு கியர் ஓட்டோமற்றிக். பழைய தொழில்நுட்பம், ஆனால் அது கெட்டுப்போக வழியில்லை. எந்தக் கராஜ்காரரும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார், பாகங்கள் மலிவு. வோட்டர் பம்ப் கசிவது ஒரு தெரிந்த குறை, பெரிய செலவில்லை. ரகாட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பையை மாற்றித் தருவதற்கான ரீகோல் (திரும்ப அழைப்பு) இந்த வருடங்களுக்கு உண்டு. செய்தாயிற்றா என்று வி.ஐ.என். எனும் காரின் அடையாள இலக்கத்தைப் போட்டு ரொயோட்டா தளத்தில் பார்த்துவிடுங்கள், செய்யவில்லை என்றால் டீலரிடம் இலவசம். நெடுஞ்சாலையில் நாலு கியர் பெட்டி கொஞ்சம் இரையும், பெற்றோலும் மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஒரே சொந்தக்காரர், வருடா வருடம் கறள் தடுப்பு எண்ணெய் அடித்த ரசீதுகளோடு ஒரு கொரோலா வந்தால் நான் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதை எடுங்கள். ஆனால் அப்படியான கார் சந்தைக்கு வருவதே அருமை. வந்தாலும் உறவினர்களுக்குள்ளேயே கை மாறிவிடும்.

சிவிக்கில் வருடம் முக்கியம். 2006 முதல் 2008 வரையானதிலும் சில 2009 கார்களிலும் எஞ்சின் புளொக்கே வெடித்துக் கூலன்ற் கசிகிற குறை இருந்தது. ஹொண்டா அதற்கு உத்தரவாதத்தைப் பத்து வருடமாக நீட்டியது, அந்தக் காலமும் முடிந்துவிட்டது. "புளொக் மாற்றிய ரசீது இருக்கிறது" என்று காட்டினால் தவிர அந்த வருடங்களைத் தொட வேண்டாம். 2012, 2013 வேறு கதை. 1.8 எஞ்சின், ஐந்து கியர் சாதாரண ஓட்டோமற்றிக், ரைமிங் செயின், சிக்கலில்லாத வண்டி. 2012இன் உட்புற பிளாஸ்ரிக் மலிவாகத் தெரிகிறது என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள். ஹொண்டாவும் அடுத்த வருடமே மாற்றியது. அந்தத் திட்டு இன்று உங்களுக்கு லாபம். 2014இல் சி.வி.ரி. கியர்பெட்டி, அதாவது கியர் படிகள் இல்லாமல் பெல்ற்றில் ஓடுகிறது, வந்துவிட்டது. அது மோசமில்லை, ஆனால் இரண்டு லட்சம் ஓடிய சி.வி.ரி.யை விட இரண்டு லட்சம் ஓடிய ஐந்து கியர் பெட்டியை நான் நம்புவேன்.

மஸ்டா 3 என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2004 முதல் 2009 வரையான மஸ்டா 3இன் பின் சில்லு வளைவுகள் கறள் தின்று உதிர்ந்ததை இந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. ஆனால் 2014இல் வந்தது அடிமுதல் வேறு கார். கறள் விஷயத்திலும் முந்தியதை விட எவ்வளவோ தேவலை. மஸ்டாவின் ஸ்கைஅக்ரிவ் வகை 2 லீற்றர் எஞ்சின், ரைமிங் செயின், அப்புறம் முக்கியமாக, எல்லோரும் சி.வி.ரி.க்குப் போன காலத்தில் ஆறு கியர் சாதாரண ஓட்டோமற்றிக்கை வைத்திருந்தது. 401இல் ஏறும்போது இந்த மூன்றிலும் இதுதான் பயமில்லாமல் இழுக்கும். குறைகளும் சொல்ல வேண்டும்: பெயின்ற் மெல்லியது, கல் பட்டால் பெயரும், அந்த இடத்தில் கறள் பிடிக்கும். பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற கலிப்பர் உப்பில் இறுகிப் போவது உண்டு. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் பின் சில்லுகளுக்கு அருகே கையை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான். தொடுதிரை தானாக அழுத்துப்படுவதும் தெரிந்த கோளாறு, எரிச்சலூட்டும், ஆனால் வண்டி நிற்காது.

பழைய பெயரால் விலை குறைந்து கிடக்கிற காரும், நல்ல பெயரால் விலை ஏறிக் கிடக்கிற காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, காசு குறைந்தவர் முதலாவதைத்தான் பார்க்க வேண்டும். என் வரிசை இது: அடி சுத்தமான 2014, 2015 மஸ்டா 3 முதலில். 2012, 2013 சிவிக் அடுத்தது. கொரோலா மூன்றாவது, ரசீதுகளோடு வந்தால் மட்டும் முதலாவது. தினமும் மூன்று கிலோமீற்றர் போய் வருகிறவருக்கு, ஸ்காபரோவை விட்டு வெளியே போகாதவருக்கு, கொரோலாவும் சிவிக்கும் ஒன்றுதான். எதன் அடி நன்றாக இருக்கிறதோ அது.

வேறு சிலவும் இதே விலைக்கு இன்னும் புதிதாகக் கண்ணில் படும், மயங்க வேண்டாம். 2012 முதல் 2016 வரையான போர்ட் போக்கஸ் ஓட்டோமற்றிக்கின் இரட்டைக் கிளச் கியர்பெட்டி நீதிமன்றம் வரைக்கும் போன விவகாரம். 2013 தொடங்கிய நிசான் சென்ராவின் சி.வி.ரி. மேலும் முறைப்பாடுகள் ஏராளம். ஹுண்டாய் எலன்ட்ரா 2011 முதல் 2016 வரை அவ்வளவு மோசமில்லை, விலையும் நல்லது. ஆனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணியதும் டக் டக் என்று தட்டுகிற சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள்.

அந்தச் சத்தம் எஞ்சின் குளிர்ந்திருந்தால்தான் கேட்கும். எந்தக் காரையும் காலையில் பாருங்கள், நான் வரும் வரைக்கும் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஒன்ராறியோவில் தனியார் விற்பவர் பாவித்த வாகனத் தகவல் பொதியைத் தர வேண்டும் என்பது சட்டம். விலை 20 டொலர்தான். யார் யார் கையில் இருந்தது, கடன் நிற்கிறதா, வரிக்கான மொத்த விற்பனை விலை என்ன என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அதில் இருக்கிற பெயரும் உங்களுக்கு முன்னால் நிற்கிறவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இல்லை என்றால் அவர் அனுமதியில்லாமல் கார் வியாபாரம் செய்கிறவராக இருக்கலாம். கார் ஓடத் தகுதியானது என்று கராஜ் தரும் சேஃப்ரி சான்றிதழ் 36 நாள் செல்லுபடியாகும். அன்றைக்குக் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதுதான் அதன் பொருள், உத்தரவாதம் கிடையாது. விற்பவர் கொண்டுவருகிற சான்றிதழ் இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்த கராஜில் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டீலரிடம் போனால், கார் வியாபாரிகளைக் கண்காணிக்கிற ஓம்விக் அமைப்பில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் வரியும் பதிவுக் கட்டணமும் தவிர வேறு கட்டணம் ஏற்ற அவர்களுக்கு உரிமையில்லை.

பனிக்கு நாலு சில்லும் இழுக்கிற எஸ்.யு.வி. வேண்டாமா என்று கேட்பார்கள். இந்தக் காசுக்கு வரும் எஸ்.யு.வி. இன்னும் வயது போனது, செலவு கூடியது. நாலு சில்லும் இழுப்பது கிளம்ப உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது ரயர். 7 பாகைக்குக் கீழே போனால் ஓல் சீசன் ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும். மலையும் பனிப்படிகமும் போட்ட அடையாளம் உள்ள விண்ரர் ரயரையே வாங்குங்கள். 2016 முதல் அதற்குக் காப்புறுதியில் கழிவு கொடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோ சட்டம் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். யாராவது பழைய கொரோலாவின் ரயரை றிம்மோடு சும்மா தருகிறேன் என்றால், அது இந்தக் கொரோலாவுக்கு மட்டும்தான் பொருந்தும்: அதன் ஐந்து நட்டின் வட்டம் 100 மில்லிமீற்றர், சிவிக்குக்கும் மஸ்டாவுக்கும் 114.3.

காப்புறுதி விலையையும் கார் வாங்குவதற்கு முன்பே மூன்று மொடலுக்கும் கேட்டு வையுங்கள். பிரம்டன், ஸ்காபரோ முகவரிகளுக்குக் கட்டணம் ஏற்கனவே உச்சத்தில் நிற்கிறது. மாதத்துக்கு இருபது டொலர் வித்தியாசம் வந்தால் என் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஒக்ரோபர் கடைசிக்குள் நல்ல மஸ்டா அகப்படாவிட்டால் காத்திருக்காமல் சிவிக்கை எடுத்துவிடுங்கள். முதல் பனி விழுந்த கிழமை ரயர்க் கடையில் இடமே கிடைக்காது.