கிளாம்ஏவி: 2 ஜிபி ரேமில் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

லினக்ஸ் சர்வருக்கு ஆன்டிவைரஸ் தேவையா என்று நண்பர் மறுபடி கேட்டார். மெயிலோ சாம்பா ஷேரோ (விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிர்வது) ஓடினால் தேவை. அங்கே கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் பிடிப்பதில் பெரும்பகுதி விண்டோஸைக் குறிவைத்தவை: ஆபீஸ் மேக்ரோக்கள், ஸிப்புக்குள் ஒளிந்த இஎக்ஸ்இ கோப்புகள். ஸிப்பைப் பிரித்து உள்ளே பார்ப்பதை நன்றாகவே செய்கிறது, அதுவும் இலவசமாக.

தீராத எரிச்சல் ரேம்தான். வைரஸ் கையொப்பங்கள் (வைரஸை அடையாளம் காட்டும் குறிப்புகள்) முழுவதையும், பின்னணியில் எப்போதும் ஓடும் அதன் ஸ்கேன் நிரலான கிளாம்டி நினைவகத்திலேயே வைத்திருப்பதால், சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய ஒரு ஜிபி போய்விடும். அதைக்கூடப் பொறுக்கலாம். அதன் அப்டேட் நிரலான ஃப்ரெஷ்கிளாம் புதிய கையொப்பங்களை இறக்கும் நேரம்தான் ஆபத்து. முதலில் அவற்றைச் சோதிக்க ஃப்ரெஷ்கிளாமே ஒருமுறை ஏற்றிப் பார்க்கும். பிறகு கிளாம்டி, பழையதை விடாமலே புதியதையும் ஏற்றும். ஸ்கேன் நிற்கக் கூடாதென்று 2020-இல் 0.103 பதிப்பில் வந்த வசதி இது. நோக்கம் நல்லது, ஆனால் அந்த நேரத்துக்கு இரண்டு மடங்கு ரேம் வேண்டும். 2 ஜிபி விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வரில்) லினக்ஸ் கெர்னல் கிளாம்டியைக் கொன்றுவிடும். சிஸ்டம் பதிவேடான ஜர்னலில் 'அவுட் ஆஃப் மெமரி' வரி இருக்கும், யார் பார்க்கிறார்கள்? வரும் மெயிலைக் கிளாம்டியிடம் காட்டும் இணைப்பு நிரலான மில்டர் இருந்தால் அதன் இயல்பு அமைப்பு மெயிலைத் தள்ளிப்போடும். மெயில் வரவில்லை என்று ஆட்கள் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

கிளாம்டி.கான்ஃப் கோப்பில் 'கான்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்' வரியை 'நோ' ஆக்குங்கள். ரீலோட் முடியும்வரை ஸ்கேன் காத்திருக்கும். மெயிலுக்கு அது பாதகமில்லை. ரேம் தீர்ந்தால் கைகொடுக்க டிஸ்கில் 2 ஜிபி ஸ்வாப் வையுங்கள். கிளாம்டியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் 'ரீஸ்டார்ட்' மதிப்பை 'ஆன்-ஃபெயிலியர்' என்று வைத்தால் செத்தாலும் எழும். ஃப்ரெஷ்கிளாமின் சோதனையை மட்டும் அணைக்காதீர்கள். பழுதான கோப்பு ஒன்று உள்ளே போனால் கிளாம்டி எழவே எழாது.

கையால் ஸ்கேன் செய்ய கிளாம்ஸ்கேன் வேண்டாம், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். ஓடிக்கொண்டிருக்கும் கிளாம்டியிடமே வேலையைக் கொடுக்கும் கிளாம்டிஸ்கேன் போதும். கட்டளையோடு 'எஃப்டிபாஸ்' விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் ஹோம் கோப்புகளுக்கு 'பர்மிஷன் டினைட்' வரும், ஏனென்றால் படிப்பது கிளாம்ஏவி பயனர்.

இன்னொன்று, அளவு வரம்பைத் தாண்டிய கோப்பை முழுதாகப் பார்க்காமலே 'ஓகே' என்று சொல்லிவிடும். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கிளாம்டி.கான்ஃப்பில் 'அலர்ட் எக்ஸீட்ஸ் மேக்ஸ்' வரியை 'யெஸ்' ஆக்கினால்தான் தெரியும்.

நண்பருக்கு என் பதில்: புதிதாகப் போடுவதென்றால் 4 ஜிபி ரேம் இல்லாமல் தொடாதீர்கள். இருந்தால் இன்றே போட்டு, ஐகார் என்ற 68 பைட், ஆபத்தில்லாத ஆன்டிவைரஸ் சோதனைக் கோப்பை மெயிலில் அனுப்பிப் பாருங்கள்.