கொல்கத்தாவில் அன்னை தெரசாவின் தடம்: ஒரு வழிகாட்டிச் சுற்றுலா குறித்து

அன்னை தெரசா வாழ்ந்த இடங்களையும் பணியாற்றிய இடங்களையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் சுற்றுலா ஒன்றில், என் தாயாருடன் அண்மையில் கொல்கத்தாவில் கலந்துகொண்டேன். வண்டி, வழிகாட்டி, மதிய உணவு மூன்றும் கட்டணத்தில் அடங்கும். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஏற்பாடுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி சொன்ன நேரத்துக்கு விடுதி வாசலுக்கு வந்தது, ஓட்டுநர் நிதானமானவர், வயதானவர்கள் ஏறி இறங்க அவரே கைகொடுத்தார். ஆனால் அன்னையின் வாழ்க்கையை அறிந்துகொள்ளும் ஆவலோடு வருகிறவர்களுக்கு, அந்த வாழ்க்கையிலேயே மிக முக்கியமான ஆறு ஆண்டுகளை, அதாவது 1946 முதல் 1952 வரையிலான காலத்தை, இந்தச் சுற்றுலா ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிடுகிறது. என் மனக்குறை இதுதான்.

சுற்றுலா, ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் 54ஏ எண் கொண்ட தலைமை இல்லத்தில் தொடங்குகிறது. மதர் ஹவுஸ் என்று கேட்டால் அந்தப் பகுதியில் யாரும் வழி சொல்வார்கள். கிழக்குப் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவரிடமிருந்து வாங்கப்பட்ட இந்தக் கட்டடத்துக்கு அன்னையும் அவருடைய சகோதரிகளும் 1953-இல் வந்து சேர்ந்தார்கள். 1997 செப்டம்பர் 5 அன்று அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான். தரைத்தளத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. வெள்ளை நிறத்தில், எந்த அலங்கார வேலைப்பாடும் இல்லாத அந்தக் கல்லறையின் மேல் செவ்வந்தி இதழ்களால் சிறு வாசகம் ஒன்றை அமைத்து வைக்கிறார்கள். நான் உங்களிடம் அன்பு கொண்டிருப்பதுபோல் நீங்களும் ஒருவர் மற்றவரிடம் அன்பு கொண்டிருங்கள் என்ற யோவான் நற்செய்தியின் வரி கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் சென்றபோது தரையில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே, நெற்றியில் குங்குமம் இட்ட வங்காளப் பெண்கள் சிலரும் கல்லறையில் தலை வைத்து வணங்கிச் சென்றார்கள். கட்டணம் கிடையாது, காவலர் கெடுபிடியும் கிடையாது.

கல்லறையை அடுத்து, அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் சிறிய கண்காட்சிக் கூடம் இருக்கிறது. தேய்ந்துபோன செருப்பும், அடிபட்டு எனாமல் பெயர்ந்த உணவுக் கிண்ணமும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. நோபல் பரிசும் பாரத ரத்னாவும் பெற்ற ஒருவர் விட்டுச் சென்ற உடைமைகள் இவ்வளவுதான் என்பதை, எந்த விளக்கப் பலகையைக் காட்டிலும் அந்தக் கிண்ணம் தெளிவாகச் சொல்கிறது. இங்கே வழிகாட்டி எங்களுக்கு ஒதுக்கிய நேரம் போதவே இல்லை. அரை மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டிய கூடத்தைக் கடந்து செல்லும் வழியாகவே அவர் பயன்படுத்தினார்.

மாடிப்படி ஏறினால் அவர் தங்கியிருந்த அறை. உள்ளே செல்ல அனுமதியில்லை. வாசலில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது. குறுகலான கட்டில், எழுதும் மேசை, தலைமாட்டுச் சுவரில் ஒரு முள்முடி. அறைக்கு நேர் கீழே சமையலறை இருப்பதால், கொல்கத்தாவின் கோடையில் அடுப்பின் வெக்கையும் சேர்ந்து மேலே ஏறும். அப்படியிருந்தும் அவர் மின்விசிறி வைத்துக்கொள்ளவில்லை. மின்விசிறி இல்லாமல் எப்படித் தூங்கினார் என்று என் தாயார் கேட்டதற்கு, அவர் புனிதர் என்று மட்டும் வழிகாட்டி பதில் சொன்னார். அந்தப் பதில் எனக்கு உறுத்தியது. ஏழைகள் எப்படி வாழ்கிறார்களோ அப்படியே சகோதரிகளும் வாழ வேண்டும் என்பதைத் தம் சபைக்கு அவர் விதியாகவே வகுத்திருந்தார். அறையில் மின்விசிறி இல்லாததற்குக் காரணம் அந்த விதி. அதைச் சொல்லாமல் புனிதர் என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டால், அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் பிறவியிலேயே வந்தவைபோல் ஆகிவிடுகின்றன.

வழிகாட்டியின் விவரிப்பில் அப்படித்தான் ஆனது. ஐரோப்பாவிலிருந்து ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்தார், இல்லம் அமைத்தார், நோபல் பரிசு பெற்றார் என்ற மூன்று வாக்கியங்களில் கதை முடிந்தது. உண்மையில் 1910-இல் ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பமொன்றில் ஆக்னெஸ் என்ற இயற்பெயருடன் பிறந்த அன்னை, 1928-இல் லொரேட்டோ என்ற கன்னியர் துறவற சபையில் சேர்ந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது ஆசிரியையாகப் பணியாற்றுவதற்கு. டார்ஜீலிங்கில் நவசந்நியாசம் எனப்படும் தொடக்கத் துறவறப் பயிற்சி முடித்து 1931-இல் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்த பின், கொல்கத்தாவின் எண்டலி பகுதியில் உள்ள புனித மரியாள் பள்ளியில் வரலாறும் புவியியலும் கற்பித்தார்; 1944-இல் தலைமை ஆசிரியையானார். அந்தப் பள்ளியின் மதிலுக்கு அப்பால் மோத்திஜீல் சேரி. அக்காலத் துறவற ஒழுங்கின்படி மடத்தின் சகோதரிகள் நினைத்தபோது வெளியே போக முடியாதிருந்தது.

1946 ஆகஸ்ட் 16 அன்று தொடங்கிய இந்து-முஸ்லிம் கலவரத்தில் நகரமே எரிந்தபோது, விடுதியில் இருந்த ஏறத்தாழ 300 மாணவியருக்கு உணவு தேடி அவர் தெருவில் இறங்கினார். அடுத்த மாதம், செப்டம்பர் 10 அன்று, டார்ஜீலிங்குக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளிலும் ஏழைகளோடு வாழ வேண்டும் என்ற அழைப்பை உணர்ந்தார். அவருடைய சபை இன்றும் அந்த நாளைச் சிறப்பாக நினைவுகூர்கிறது. ஆனால் அழைப்பு வந்த மறுநாளே அவர் சேரிக்குப் போய்விடவில்லை. கல்கத்தா பேராயரின் இசைவும் ரோமின் அனுமதியும் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அனுமதி வந்ததும், 1948 ஆகஸ்ட் 17 அன்று, நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகள் குடும்பமாக இருந்த லொரேட்டோ சபையை விட்டு வெளியேறினார். பாட்னாவில் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகளிடம் அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின், அந்த ஆண்டு டிசம்பரில் மோத்திஜீலில் பள்ளி தொடங்கினார். கட்டடமும் கிடையாது, கரும்பலகையும் கிடையாது. குச்சியால் மண்ணில் எழுதிப் பிள்ளைகளுக்கு வங்காள எழுத்துகளைக் கற்பித்தார். தங்குவதற்கு ஓர் இடம் தேடி அலைந்து கால்கள் வலித்த நாளில், வீடும் உணவும் தேடும் ஏழைகளுக்கு உடலும் உள்ளமும் எவ்வளவு வலிக்கும் என்று தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பழைய மடத்தின் வசதி தம்மைத் திரும்ப அழைத்ததையும் அதே குறிப்பில் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் காலத்தைச் சொல்லும் இடங்கள் மூன்று: எண்டலி பள்ளி, மோத்திஜீல், கிரீக் லேன் 14-ஆம் எண் வீடு. மூன்றும் மதர் ஹவுஸிலிருந்து நடக்கும் தொலைவிலேயே இருக்கின்றன. இருந்தும் மூன்றில் ஒன்றுகூடச் சுற்றுலாத் திட்டத்தில் இல்லை. கிரீக் லேன் வீட்டின் மாடியை கோமஸ் குடும்பத்தினர் 1949 பிப்ரவரியில் அன்னைக்குக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் அவருடைய பழைய மாணவி சுபாஷினி தாஸ் அங்கே வந்து முதலாவதாகச் சேர்ந்தார். தம் ஆசிரியையின் இயற்பெயரையே ஏற்றுச் சகோதரி ஆக்னெஸ் ஆனார். 1950 அக்டோபர் 7 அன்று அன்னை தொடங்கிய பிறரன்பின் பணியாளர் சபை முறைப்படி அங்கீகரிக்கப்பட்டபோது சகோதரிகள் அந்த மாடியில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இந்த இடங்களைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, பயணிகள் யாரும் கேட்பதுமில்லை என்றார். பள்ளி நடக்கும் வளாகத்துக்குள்ளும், மக்கள் குடியிருக்கும் சந்துக்குள்ளும் கூட்டமாகப் போய் நிற்பது முறையல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மதிலுக்கு இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் சேரி என்பதைச் சாலையில் நின்றபடியாவது ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தால், பிறகு பார்த்த எல்லாவற்றுக்கும் பொருள் கூடியிருக்கும். மறுநாள் நாங்களே அந்தப் பக்கம் நடந்து சென்று வந்தோம்.

மதிய உணவுக்குப் பின் காளிகட். காளி கோவிலை ஒட்டி யாத்திரிகர் தங்குவதற்காக இருந்த கட்டடத்தை மாநகராட்சி அன்னைக்கு ஒதுக்கித் தந்தது. 1952 ஆகஸ்டில் அங்கே நிர்மல் ஹ்ருதய் என்ற இல்லம் தொடங்கியது. தெருவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கி வந்து, குளிப்பாட்டி, உணவூட்டி, அவரவர் சமயத்தின்படி இறுதிச் சடங்கு செய்வித்த இடம் அது. எதிர்ப்பும் இருந்தது, கோவிலுக்கு அருகில் கிறிஸ்தவத் துறவிகள் மதம் மாற்ற வந்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டியவர்கள் இருந்தார்கள். இங்கே வழிகாட்டி ஒரு நல்ல காரியம் செய்தார். நோயாளிகள் படுத்திருக்கும் இடம் காட்சிக்கூடம் அல்ல என்று சொல்லி, எங்களை வாசலிலேயே நிறுத்திக்கொண்டார். உடன் வந்த ஒருவர் உள்ளே போய்ப் படம் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியபோதும் அவர் இணங்கவில்லை. இதற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

அன்னையின் பணி குறித்து எழுந்த விமர்சனங்களைப் பற்றி வழிகாட்டி வாய் திறக்கவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ராபின் ஃபாக்ஸ், காளிகட் இல்லத்தில் முறையான நோயறிதலும் வலி தணிக்கும் வலுவான மருந்துகளும் இல்லை என்று 1994-இல் எழுதினார். அந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. வலியில் துடிப்பவருக்கு மருந்தும் அன்பின் ஒரு பகுதிதான். அன்னையின் மரணத்துக்குப் பின் வெளியான அவருடைய கடிதங்களோ, கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்ற இருளில் அவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்ததைச் சொல்கின்றன. அந்த இருளோடுதான் விடியற்காலையில் எழுந்து செபித்து, கிண்ணத்தில் கிடைத்ததை உண்டு, புண்களைக் கழுவியிருக்கிறார். இவற்றைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று சுற்றுலா நிறுவனத்தார் அஞ்சுகிறார்களோ என்னவோ. இந்தக் கடிதங்களைப் படித்த பிறகு அவர்மீது எனக்கிருந்த மதிப்பு உயர்ந்தது.

கடைசி ஒரு மணி நேரத்தை ஒரு நினைவுப்பொருள் கடையில் செலவழித்தோம். பிளாஸ்டிக் சிலைகளும் சாவிக்கொத்துகளும் விற்கும் அந்தக் கடைக்குக் கொடுத்த நேரத்தைக் கண்காட்சிக் கூடத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

நடக்க இயலாத முதியவர்களுக்கு இந்தச் சுற்றுலா ஓரளவு பயன்படும். மற்றவர்கள் அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. காலையில் எண்டலியில் தொடங்கி, கிரீக் லேன் வழியாக மதர் ஹவுஸுக்கு நடந்து வந்தால், அவர் வாழ்ந்த வரிசையிலேயே அந்த வாழ்க்கையைப் பின்தொடரலாம். காளிகட்டுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. மதர் ஹவுஸ் நண்பகலில் மூடப்பட்டு மூன்று மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். வியாழக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. இல்லங்களில் சில நாள்களாவது தொண்டு செய்ய விரும்புகிறவர்கள் நேராகச் சகோதரிகளிடமே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு இடைத்தரகர் எவருக்கும் கட்டணம் தர வேண்டியதில்லை.