வாட் மீட்டர் காட்டாத எண்

சுவரில் உள்ள சாக்கெட்டுக்கும் சாதனத்தின் பிளக்குக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் ஒன்றை சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் 1,200 ரூபாய்க்கு வாங்கி, நான்கு மாதங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்ற விகிதம்), ஓடிய யூனிட் ஆகியவற்றை ஒரே பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மின்தடையை மட்டும் இது காட்டுவதில்லை. ஆனால் கொடுத்த பணத்திற்கு மேல் எனக்குக் கிடைத்த பயன், அந்தக் காட்டாத எண்ணை நானே கணக்கிட்டபோதுதான் கிடைத்தது.

முதலில் கருவியை நம்பலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. 230 வோல்ட், 1000 வாட் என்று அச்சிடப்பட்ட எங்கள் இஸ்திரிப் பெட்டியை ஒரு மாலையில் இணைத்தபோது, மீட்டர் 212 வோல்ட், 4.01 ஆம்பியர், 850 வாட் என்று காட்டியது. பெட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்த்தேன், 52.9 ஓம் வந்தது. அச்சிட்ட எண்களைக் கொண்டு, 230-இன் வர்க்கத்தை 1000-ஆல் வகுத்தாலும் அதே 52.9 ஓம்தான் வருகிறது. ஆகவே பெட்டியில் குறையில்லை. மாலையில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குகிறது, அவ்வளவே. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னழுத்தம் எட்டு விழுக்காடு குறைந்தால் சூடு பதினைந்து விழுக்காடு குறைந்துவிடுகிறது.

ஆறிய பெட்டியை, மின்தடையை நேரடியாகக் காட்டும் மல்டிமீட்டரால் அளந்தபோது 51 ஓம் இருந்தது. பெட்டிக்குள் சூடாகும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது என்பதால் இந்தச் சிறு வேறுபாடு எதிர்பார்த்ததே. பரணில் கிடந்த பழைய 60 வாட் குண்டு பல்பில் இதே சோதனையைச் செய்தால் திகைத்துப் போவீர்கள்: எரியும்போது கணக்கின்படி ஏறத்தாழ 880 ஓம் இருக்க வேண்டிய டங்ஸ்டன் இழை, குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் 65 ஓம்தான் காட்டியது.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் என்ற பள்ளிக்கூடச் சூத்திரம் இஸ்திரிப் பெட்டியில் பிசகாமல் பொருந்துகிறது. 9 வாட் எல்.இ.டி. பல்பில் பொருந்துவதில்லை. அங்கே மீட்டர் 230 வோல்ட், 0.08 ஆம்பியர் என்று காட்டுவதால் பெருக்கல் 18.4 தருகிறது, வாட் என்ற இடத்திலோ 9 என்றே இருக்கிறது. பவர் ஃபேக்டர் 0.49 என்று அடுத்த திரையில் வருவது இந்த இடைவெளியைத்தான் குறிக்கிறது. வீட்டுக் கட்டணம் உண்மையான வாட்டுக்கே என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. இந்த விலையில் பவர் ஃபேக்டரையும் அளந்து காட்டுவது பாராட்டத்தக்கது.

இனி, இந்தக் கணக்கு குறையைக் காட்டிக்கொடுத்த எங்கள் சமையலறை சாக்கெட். கூடத்தில் 1500 வாட் கெட்டிலைப் போடும்போது மின்னழுத்தம் 229-இலிருந்து 225 வோல்ட்டுக்கு இறங்கியது. சமையலறையிலோ அதே கெட்டில் அதை 217 வரை இழுத்துவிட்டது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தும் அப்படியே இருந்தது. கூடத்தில் குறைந்த 4 வோல்ட்டை 6.38 ஆம்பியரால் வகுத்தால் 0.63 ஓம், சமையலறையில் குறைந்த 12 வோல்ட்டை 6.15 ஆம்பியரால் வகுத்தால் 1.95 ஓம். இரண்டு சாக்கெட்டுகளும் மெயின் போர்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், கூடுதலான 1.3 ஓம் எங்கோ ஓர் இணைப்பில்தான் ஒளிந்திருக்க வேண்டும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் கிட்டத்தட்ட 50 வாட், அதாவது 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டின் சூடு, சுவருக்குள் ஒரே புள்ளியில். எலக்ட்ரீஷியனை அழைத்துத் திறந்து பார்த்தபோது நியூட்ரல் திருகு தளர்ந்து, கம்பியின் உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. சாக்கெட்டை மாற்றிய பிறகு இங்கும் 225 வோல்ட் நிற்கிறது.

குறைகளும் உண்டு. பிளக் பெரிய 16 ஆம்பியர் அளவில் இருப்பதால் சிறிய சாக்கெட்டில் செருக மாற்றுப் பிளக் தேவைப்படுகிறது, அதன் தளர்ந்த பிடிப்பே ஒரு மின்தடையாகி அளவைக் கெடுக்கிறது. திரைக்குப் பின்விளக்கு இல்லாததால், தரையோரச் சாக்கெட்டில் படிக்க டார்ச்சோடு குனிய வேண்டும். கட்டணக் கணக்கு ஒரே விலையை மட்டும் ஏற்பதால், யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் நம் ஊர்ப் படிநிலைக் கட்டணத்திற்கு அது உதவாது. யூனிட்டை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். அப்படிக் குறித்துத்தான், ரிமோட்டில் அணைத்த பின்னும் 8 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸ் அறுபது நாளில் பதினொன்றரை யூனிட் தின்கிறது என்று தெரிந்துகொண்டேன். மொபைல் சார்ஜர் சும்மா செருகியிருக்கும்போது இழுக்கும் துளி மின்சாரத்தை இது சுழியம் என்றே காட்டுகிறது.

கிணற்று மோட்டாரை அளக்க நினைத்து இதை வாங்க வேண்டாம். ஸ்டார்ட்டரோடு நேரடியாக இணைத்த மோட்டாருக்கு இதைச் செருக இடமே இல்லை; புறப்படும் கணத்தில் மோட்டார் வழக்கமானதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்குக் கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் சரி.