சுட்ட காளையா, சுடாத காளையா?

மாமாவின் மோரிஸ் எயிட் கார் குளச்சலில் எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது முகப்பில் எம்பளம், அதாவது கம்பெனிச் சின்னம், இல்லை. இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. ஆக்ஸ்போர்டு நகரச் சின்னத்தில் ஆற்றைக் கடக்கும் காளை உண்டல்லவா, அதையே பக்கத்தில் கௌலி என்ற ஊரில் கார் செய்த மோரிஸ் கம்பெனியும் எடுத்துக்கொண்டது. அந்தக் காளையைத் தேடிப் போனதில் இப்போது என்னிடம் இரண்டு காளை. ஒன்று தபாலில் வந்த புதிது. இன்னொன்று பின்னங்காலில் சில்லு பெயர்ந்த பழசு. காரில் நிற்பது பழசுதான்.

விலையில் புதிது மலிவு, தேடாமலே கிடைக்கும், பத்தடி தள்ளி நின்றால் வித்தியாசமும் தெரியாது. இந்த மூன்றையும் பேச ஒன்றுமில்லை.

வம்பு 'எனாமல்' என்ற சொல்லில் இருக்கிறது. பெயிண்ட் கடை டப்பாவிலும் எனாமல், பாட்டி சோறு போட்ட தட்டும் எனாமல். 'ஒரிஜினல் எனாமல்' என்று சொல்லி எனக்கு விற்றவர் மனதில் டப்பா இருந்திருக்கும், என் மனதில் தட்டு இருந்தது. பழைய கார் எம்பளம் தட்டு வகை. செம்புத் தகட்டை அச்சில் அடித்துப் பள்ளம் எடுத்து, நிறக் கண்ணாடித் தூளை ஈரமாக நிரப்பி, 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் உருக்குவார்கள். நீலத்துக்குக் கோபால்ட். ஆறியதும் கல்லால் தேய்த்து மட்டம் செய்து, கடைசியில்தான் முலாம். புதியதில் பள்ளத்துக்குள் நிறம் கலந்த பிசின், அவ்வளவுதான்.

கையில் வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். நகத்தைக் குறுக்கே இழுங்கள். பழசில் கண்ணாடியும் உலோகக் கோடும் ஒரே மட்டம் என்பதால் வழுக்கிக்கொண்டு போகும். என் புதுசில் பிசின் காய்ந்து உள்வாங்கியிருப்பதால் ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டும். சில புதுசுகளில் மேலே தெளிந்த பிசினைக் குமிழ் மாதிரி ஊற்றியிருப்பார்கள். அது இன்னும் சுலபம். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், பிசினாகவே இருந்தாலும் வடு விழும்.

இரண்டையும் நாகர்கோவில் வடசேரிக்குக் கொண்டுபோனேன். கோயில் நகைக்குக் கல் பதிக்கும் பெரியவர் ஒருவர் கண்ணில் லென்ஸைச் செருகி, பழசின் உடைந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தார். சிப்பி ஓடு மாதிரி வளைந்த முறிவு, அடியில் செம்பு, ஓரத்தில் ஊசிமுனை அளவில் காற்றுக் குழிகள். "இது கண்ணாடியாக்கும் மக்கா. மத்தது வெறும் பசை" என்றார். பின்பக்கம் செய்த ஊராகப் பர்மிங்காம் என்று பொறித்திருப்பதைப் பெருமையாகத் திருப்பிக் காட்டினேன். "எழுத்தை எவனும் அடிப்பான்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

நிறத்திலும் கண் வேண்டும். பென்ட்லி 3 லிட்டர் காரின் எம்பளத்தில் நீலம் என்றால் சாதாரண மாடல், சிவப்பு வேக மாடல், பச்சை அதற்கும் மேல். ரோல்ஸ் ராய்ஸ் எம்பளத்தின் சிவப்பு எழுத்து 1930களின் தொடக்கத்தில் கறுப்பானது. அழகுக்காக நிறம் மாற்றிய நகலை மாட்டினால் காரின் வயசே மாறிப்போகும்.

ஆனால் என்னைப் பழசின் பக்கம் சாய்த்தது உப்புக்காற்று. கடலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் நாலு தென்னை மட்டும்தான். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், மிச்ச நாள் வெயில். புதுக்காளை இரண்டே வருஷத்தில் செங்கல் நிறமாகி, அலையின் வெள்ளை வெற்றிலைப் பல் மாதிரி மஞ்சளித்துவிட்டது. பாலிஷ் போட்டால் புகை படிந்ததுபோல் மங்கியது. ஓரம் தூக்கி, அடியில் களிம்பு. வெயில் பிசினைத் தின்னும், கண்ணாடி நிறத்தைத் தொடாது. 80 வருஷம் கடந்த பழசில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

பழசின் எதிரி அந்தச் சில்லுதான். அதன் வழியே உப்பு ஈரம் செம்புக்குப் போனால் களிம்பு பூத்து, பக்கத்துக் கண்ணாடியையும் நெம்பிவிடும். பச்சைத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, சில்லில் மட்டும் மெழுகு தடவுகிறேன். ஒருநாள் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். உலோகம் பளபளத்தது. ஒரு வாரத்தில் சில்லைச் சுற்றிப் பச்சை கட்டியது. புளியின் அமிலம் கண்ணாடிக்கும் நல்லதல்ல.

விற்றால் எது கூடப் போகும் என்று கேட்பவர்களுக்கு: நான் விற்றதில்லை. காரைக் கேட்டு வந்த இரண்டு பேருமே முதலில் முகப்பைத்தான் குனிந்து பார்த்தார்கள், அதை மட்டும் சொல்ல முடியும். கல்யாண ஓட்டத்துக்கு, சரளை ரோட்டுக்கு அனுப்புகிற வண்டி என்றால் புதுசையே மாட்டுங்கள். தெறிக்கும் கல்லுக்குப் பிசின் தாங்கும், கண்ணாடி தாங்காது.

ஸ்பானருக்கும் தாங்காது. முதலில் மாட்டியபோது மெக்கானிக் தம்பி பின்பக்க நட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்கினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அலைக்குக் குறுக்கே மயிரிழை விரிசல். "ஒண்ணுமில்ல அண்ணே" என்றான். இப்போது பழைய சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிப் போட்டு, நட்டை விரலாலேயே முடுக்குகிறேன்.